ஜிசிஎஸ்இ பரீட்சை நடுவில் ஃபயர் அலாரம் அடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே, ஜூன் மாதங்களில் இங்கிலாந்தில் இயர் 11 பிள்ளைகள் (16 வயது) ஜிசிஎஸ்இ என்ற பொதுப் பரீட்சையும், இயர் 13 பிள்ளைகள் (18 வயது) ஏ லெவல் என்ற பொதுப் பரீட்சையும் எழுதுவார்கள். அந்த நாட்களில் பள்ளி ஹாலில் இன்விஜிலேட்டராக, அதாவது பரீட்சைக் கண்காணிப்பாளராக நிற்பது என் பகுதிநேர வேலை. தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்: "எழுதிக்கொண்டிருக்கும்போது ஃபயர் அலாரம் அடித்துவிட்டதாம், இனி என்ன ஆகும்?" கேட்பவரின் குரலில் பெரும்பாலும் பயம் இருக்கும். சில நேரம் கூடுதல் மதிப்பெண் கிடைக்குமோ என்ற ஆசையும் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து இந்தப் பக்கம்.

இங்கே சொல்வது ஜிசிஎஸ்இ, ஏ லெவல் இரண்டுக்கும் பொருந்தும். ஏக்யூஏ, ஓசிஆர், பியர்சன் எடெக்ஸல் என்று தேர்வு வாரியங்கள் பல இருந்தாலும், பரீட்சை அறையை நடத்தும் விதிகளை அவை அனைத்துக்கும் பொதுவாக ஜேசிக்யூ என்ற கூட்டமைப்பு வெளியிடுகிறது. ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் செப்டம்பரில் புதிய பதிப்பு வரும். அதில் அவசர வெளியேற்றம் பற்றி ஒரு சின்னப் பகுதி உண்டு. எல்லாப் பள்ளிகளும் அதன்படிதான் நடக்க வேண்டும்.

அலாரம் அடித்த உடனே ஹாலில் என்ன நடக்கும்?

எழுதுவதை நிறுத்தச் சொல்வார்கள். வினாத்தாள், விடைத்தாள் எல்லாம் மேசையிலேயே இருக்க வேண்டும். பிள்ளைகள் எழுந்து, வரிசையாக, பேசாமல் வெளியேற வேண்டும். இன்விஜிலேட்டர் வருகைப் பதிவேட்டைக் கையோடு எடுத்துப் போவார். வெளியே போனதும் அதை வைத்துத்தான் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று சரிபார்ப்பார்கள்.

இதற்கு நடுவே அவர் செய்யும் இன்னொரு காரியம் பிள்ளைகள் கண்ணில் படாது. கடிகாரத்தைப் பார்த்து, எழுதுவது நின்ற நேரத்தைக் குறித்துக்கொள்வார். பதிவேட்டின் ஓரத்தில் கிறுக்கிய அந்த ஒரு நேரத்தை வைத்துத்தான் பிறகு மீதி நேரக் கணக்கு முழுவதும் நடக்கும்.

பொய் அலாரம் என்று எல்லாருக்கும் தெரிகிறது. பிள்ளைகளை எழுதவிடக் கூடாதா?

கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்புச் சட்டம் கட்டடத்துக்குப் பொறுப்பானவர் மீது கடமையைச் சுமத்துகிறது. உள்ளே பரீட்சை நடக்கிறது என்பதற்காக அந்தக் கடமை தளர்ந்துவிடாது. அப்புறம், பொய் அலாரம் என்பது யாராவது போய்ப் பார்த்த பிறகுதான் தெரியும். ஹாலில் நிற்கும் எனக்கு அது தெரிய வழியே இல்லை.

சில கட்டடங்களில் முதலில் ஊழியர்களுக்கு மட்டும் ஒரு சைகை போகும். யாராவது போய்ச் சரிபார்ப்பார்கள். குறிப்பிட்ட சில நிமிடங்களுக்குள் அவர்கள் நிறுத்தாவிட்டால்தான் எல்லா மணியும் அடிக்கும். அப்படி ஓர் ஏற்பாடு வைப்பதா வேண்டாமா என்பது அந்தப் பள்ளியின் தீ அபாய மதிப்பீட்டைப் பொறுத்தது. பரீட்சைக்காக அன்று காலையில் யாரும் அதை மாற்றி வைக்க முடியாது. மணி ஹாலில் கேட்டுவிட்டால் வெளியே போக வேண்டியதுதான்.

"ஒரு மணிச் சத்தத்துக்காகப் பரீட்சையைப் பாதியில் விட வேண்டுமா?" என்று கேட்கும் நம் ஊர்ப் பெற்றோருக்கு நான் கும்பகோணத்தை நினைவுபடுத்துவேன். 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ, கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதற்குப் பிறகும் இந்தக் கேள்வியை நாம் கேட்கக் கூடாது என்பது என் எண்ணம்.

அது ஏன் சரியாகப் பரீட்சை நேரம் பார்த்து அடிக்கிறது?

அப்படித் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. பரீட்சை நடப்பது ஒரு ஹாலில்தான். பள்ளியின் மற்ற பகுதிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். இயர் 9 பிள்ளைகள் சமையல் வகுப்பில் எதையாவது கருக்கிக்கொண்டிருப்பார்கள். ஆசிரியர் அறையில் டோஸ்ட் தீயும். உடற்பயிற்சி வகுப்பு முடிந்து உடை மாற்றும் அறையில் முப்பது பேர் ஒரே நேரத்தில் டியோடரன்ட் அடிப்பார்கள். பல பள்ளிகளில் இருக்கும் புகை உணரிக்குள் ஒரு சிறிய ஒளிக்கற்றை உண்டு. துகள்கள் உள்ளே புகுந்து அந்த ஒளியைச் சிதறடித்தால் அது அலாரத்தைத் தூண்டும். புகையோ, ஆவியோ, ஸ்ப்ரேயோ, சுவர் துளைக்கும்போது பறக்கும் தூசியோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். கழிப்பறையில் ரகசியமாக இழுக்கும் வேப் புகையும் அப்படியே.

வாராந்திரச் சோதனை மணி வேறு விஷயம். அது வாரம் ஒரு முறை, வழக்கமாக ஒரே கிழமை ஒரே நேரத்தில் ஒலிக்கும். பரீட்சை அட்டவணையைப் பார்த்து அதைத் தள்ளி வைப்பது பள்ளியின் வேலை. அந்தச் சோதனையோ, முன்பே திட்டமிட்ட தீ ஒத்திகையோ பரீட்சைக்கு நடுவே நடந்தால் அதை விபத்து என்று சொல்ல முடியாது. நீங்கள் தாராளமாகப் புகார் செய்யலாம்.

இழந்த நேரம் திரும்பக் கிடைக்குமா?

முழுதாகக் கிடைக்கும். இதில் பேரம் எதுவும் இல்லை. மீதி இருந்த எழுதும் நேரம் அத்தனையையும் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பது விதி.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜிசிஎஸ்இ கணிதத் தாள் ஒன்று ஒன்றரை மணி நேரம். 9:00 மணிக்குத் தொடங்கியது. 9:40-க்கு அலாரம். எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்து, "எழுதலாம்" என்று சொன்னபோது 10:05. எழுதியது 40 நிமிடம், மீதி 50. எனவே பழைய கணக்குப்படி 10:30-க்கு முடிய வேண்டியது இப்போது 10:55-க்கு முடியும். 25 சதவீதக் கூடுதல் நேரம் அனுமதிக்கப்பட்ட பிள்ளைக்கு மொத்தம் 112 நிமிடத்துக்குச் சற்று மேல். அதில் 40 போக மீதியும் அப்படியே கிடைக்கும், அதாவது ஏறத்தாழ 11:17 வரை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஹாலுக்குள் காலடி வைத்த நேரத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. எழுதச் சொன்ன நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும். புதிய முடிவு நேரத்தைப் பலகையில் எழுதுவார்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தக் கணக்கு தவறாகத் தெரிந்தால் அப்போதே கை தூக்கிக் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதற்றத்தில் கூட்டல் தவறுவது எங்களுக்கும் நடப்பதுதான். வீட்டுக்கு வந்து மாலையில் சொன்னால் போன நிமிடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

வெளியே நிற்கும்போது நண்பர்களுடன் பேசலாமா?

பேசக் கூடாது. இந்த விஷயத்தில் மட்டும் பிள்ளைகளிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லி அனுப்புங்கள். மைதானத்தில் நின்றாலும் பரீட்சை இன்னும் முடியவில்லை. "14-ஆவது கணக்குக்கு என்ன வந்தது?" என்ற ஒரு கேள்வி போதும், முறைகேடு என்று எழுதுவதற்கு. முறைகேட்டுக்கான தண்டனை எச்சரிக்கையில் தொடங்கி, மதிப்பெண் இழப்பு, தகுதி நீக்கம் வரை போகும்.

பள்ளியும் தன் பங்குக்குப் பரீட்சை எழுதுகிறவர்களை மற்ற மாணவர்களிடமிருந்து பிரித்து நிறுத்த வேண்டும். இது சொல்வதற்கு எளிது. எழுத்துத் தேர்வுக்கு 30 பேருக்கு ஓர் இன்விஜிலேட்டர் என்பது குறைந்தபட்ச விகிதம். 180 பேர் உள்ள ஹாலில் ஆறு பேர் இருப்போம். உட்கார்ந்திருக்கும் 180 பேரைப் பார்க்க ஆறு பேர் போதும். புல்வெளியில் நிற்கும் 180 பேருக்குப் போதாது. அதனால்தான் விதியே முடிந்தவரை நெருக்கமாகக் கண்காணிக்கச் சொல்கிறது. வகுப்பில்லாத ஆசிரியர்கள் வந்து சுற்றி நின்றால் பாதிப் பிரச்சினை தீரும். பள்ளியில் பொதுப் பரீட்சைகளுக்குப் பொறுப்பான அலுவலரை எக்ஸாம்ஸ் ஆபீசர் என்பார்கள்; நல்ல எக்ஸாம்ஸ் ஆபீசர் இதற்கு முன்கூட்டியே ஆள் ஏற்பாடு செய்து வைத்திருப்பார்.

உண்மையைச் சொன்னால், வெளியே நான் கேட்ட முணுமுணுப்புகளில் பெரும்பாலானவை "ஐயோ, குளிருது", "இது நிஜமான தீயா?" என்ற வகைதான். விடையைத் திருடும் திட்டம் எதுவும் அதில் இல்லை. ஆனால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு என்ன பேசினார்கள் என்பது கேட்காது. பேசினார்கள் என்பது மட்டும் தெரியும். அவர் அதைத்தான் அறிக்கையில் எழுதுவார். ஆகவே குளிரைப் பற்றிக்கூடப் பேசாமல் இருப்பது நல்லது.

போன், பை, கோட், தண்ணீர் பாட்டில்?

போன் உள்ளே வரும் முன்பே ஒப்படைக்கப்பட்டிருக்கும். வெளியேறும் வழியில் பையை எடுக்க நிற்கக் கூடாது. கோட் நாற்காலியிலேயே தொங்கினால் போட்டுக்கொண்டு போகலாம் என்று சில பள்ளிகள் விடும், சில விடா. மழையில் நனைந்தால் நனைந்ததுதான்; இங்கிலாந்தின் ஜூனை நம்பி யாரும் இருக்க வேண்டாம்.

ஹே ஃபீவர் (மகரந்த ஒவ்வாமை) உள்ள பிள்ளைகளுக்கு இது உண்மையான தொந்தரவு. கூடும் இடம் பெரும்பாலும் புல் மைதானம். ஜூன் மாதத்தில் அங்கே இருபது நிமிடம் நின்றால் கண்ணும் மூக்கும் ஒழுகும். காலையில் மாத்திரை போட்டு அனுப்புங்கள். திரும்பி வந்து தும்மிக்கொண்டே எழுத நேர்ந்தால் அதையும் இன்விஜிலேட்டரிடம் சொல்லி வைக்கலாம்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் பிள்ளை என்ன செய்ய வேண்டும்?

முதலில், மேசையில் இருப்பது தன் தாள்தானா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் எழுந்துபோன ஹாலில் தாள்கள் கீழே விழுந்திருக்கும். யாராவது எடுத்து வைக்கும்போது மாறவும் கூடும்.

பிறகு, விட்ட இடத்தில் அப்படியே பாய வேண்டாம். பாதியில் நின்ற கட்டுரை என்றால் கடைசியாக எழுதிய பத்தியை ஒருமுறை படித்துவிட்டுத் தொடரலாம். கணிதமாக இருந்தால் நின்றுபோன ஆறு மதிப்பெண் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றிரண்டு மதிப்பெண் கேள்வி ஏதாவது போட்டுக் கையைப் பழக்கிக்கொண்டு வரலாம். எழுதும் நேரம் முழுவதும் கையில் இருக்கிறது என்பதைப் பிள்ளை நம்ப வேண்டும். பல பிள்ளைகள் நம்புவதில்லை. நேரம் போய்விட்டது என்று தாங்களாகவே முடிவு செய்து, கடைசிப் பக்கங்களை அள்ளித் தெளித்துவிட்டு, பதினைந்து நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அலாரத்தைவிட இந்த அவசரத்தில் போகும் மதிப்பெண்தான் அதிகம்.

பிரெஞ்சு, ஸ்பானிஷ் லிசனிங் (ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும்) பரீட்சையில் அடித்தால்?

எழுத்துத் தாள்களிலேயே அலாரம் மிக அதிகமாகப் பாதிப்பது இதைத்தான். கட்டுரைத் தாளில் அரை நிமிட இரைச்சல் ஒரு எரிச்சல், அவ்வளவே. லிசனிங்கில் அந்த அரை நிமிடத்தில் ஒரு முழுக் கேள்விக்கான பேச்சு ஓடிப்போயிருக்கும். அலாரத்தின் ஒலி கட்டடத்தின் பெரும்பாலான இடங்களில் குறைந்தது 65 டெசிபல் இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் தரநிலையின் பொதுவான எதிர்பார்ப்பு. அதற்கு நடுவே ஒலிபெருக்கியில் வரும் பிரெஞ்சு உரையாடல் காதில் விழாது.

ஒலிப்பதிவை எங்கே நிறுத்தினோம் என்பதை இன்விஜிலேட்டர் குறித்து வைத்து, எக்ஸாம்ஸ் ஆபீசரிடம் கேட்டுத்தான் மறுபடி ஓட விடுவார். பிள்ளை செய்ய வேண்டியது, எந்தக் கேள்வி காதில் விழவில்லை என்பதை உடனே, அங்கேயே சொல்வது. ஒலிப்பதிவு பயன்படும் பரீட்சைகளில் ஏற்படும் பெரிய இடையூறை ஜேசிக்யூவின் வழிகாட்டி தனியாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இசைப் பாடத்தின் கேட்டல் தாளுக்கும் இதே கதைதான்.

சமையல், ஓவியம் மாதிரி செய்முறைப் பரீட்சைகள்?

ஓவியம் பிரச்சினையே இல்லை. ஜிசிஎஸ்இ ஓவியத்துக்கு மேற்பார்வையில் 10 மணி நேரம், ஏ லெவலுக்கு 15 மணி நேரம், அதுவும் பல அமர்வுகளாகப் பிரித்து. போன இருபது நிமிடத்தை எளிதாகச் சேர்த்துவிடுவார்கள்.

சமையல் அப்படியில்லை. ஜிசிஎஸ்இ உணவுப் பாடத்தின் செய்முறையில் மூன்று மணி நேரத்துக்குள் மூன்று பதார்த்தங்கள் சமைத்துக் காட்ட வேண்டும். அலாரம் அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியேற வேண்டும். நேரத்தைத் திருப்பித் தரலாம். பாதியில் அமுங்கிப்போன கேக்கை என்ன செய்வது? அது பள்ளி ஆசிரியரே மதிப்பிடும் வேலை என்பதால், என்ன நடந்தது என்பதை அவர் நேரில் பார்த்திருப்பார் என்பதுதான் ஒரே ஆறுதல். அந்த அலாரத்தை அடிக்க வைத்ததே அதே சமையலறையாக இருக்கும் வாய்ப்பும் உண்டு என்பதை மெதுவாகச் சொல்லி வைக்கிறேன்.

லேப்டாப்பில் எழுதும் பிள்ளை?

லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். எழுதியது தானாகச் சேமிக்கப்படுகிறதா என்பதைப் பரீட்சைக்கு முன்பே பள்ளியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, அல்லது சத்தம் தாங்காத பிள்ளை?

நடமாட்டத்தில் சிரமம் உள்ள பிள்ளைக்கு அவசர நேரத்தில் யார் உதவுவார், எந்த வழியாக வெளியேறுவது என்று எழுதிய தனிப்பட்ட வெளியேற்றத் திட்டம் பள்ளியில் இருக்க வேண்டும். தீ அலாரத்தின்போது சாதாரண லிஃப்டைப் பயன்படுத்த முடியாது. வகுப்பு நாட்களில் எப்போதும் கூட இருக்கும் உதவியாளர் பரீட்சை அறையில் இல்லாமல் இருக்கலாம். பிள்ளை வழக்கமான வகுப்பறையை விட்டு வேறு ஒரு மாடியில், வேறு ஒரு சிறிய அறையில் எழுதக்கூடும். திட்டம் பழைய அறைக்குப் போட்டதா, இந்த அறைக்குப் போட்டதா? ஏப்ரல் மாதத்திலேயே இதைப் பள்ளியிடம் கேளுங்கள்.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு அந்தச் சத்தமே பெரிய அடி. மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடுவார்கள். இவர்களுக்கு அன்றைய பொழுதே போய்விடும். மேற்பார்வையுடன் கூடிய ஓய்வு இடைவேளை ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டிருந்தால், திரும்பி வந்ததும் அதை எடுத்துக்கொள்ளலாம். ஓய்வு நேரத்தில் கடிகாரம் ஓடாது. அலாரத்தால் ஏற்பட்ட பாதிப்புக்காகப் பள்ளி தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போது (அது பற்றி அடுத்துச் சொல்கிறேன்), இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மற்ற 150 பேருடன் சேர்த்து ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது.

அலாரம் அடித்ததற்குக் கூடுதல் மதிப்பெண் தருவார்களா?

எல்லாரும் கேட்க வரும் கேள்வி இதுதான். பதில் பலருக்கும் பிடிக்காது.

ஸ்பெஷல் கன்சிடரேஷன் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பரீட்சை நேரத்தில் பிள்ளையின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்று நடந்து அது பாதித்தால், தேர்வு வாரியம் சிறிது மதிப்பெண் சேர்க்கும். அந்தத் தாளின் மொத்த மதிப்பெண்ணில் உச்ச வரம்பு 5 சதவீதம். அந்த 5 சதவீதம் யாருக்கு என்று பார்த்தால் நமக்கு வாயடைத்துப்போகும்: பரீட்சை நேரத்தில் தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளை, உயிருக்கு ஆபத்தான நோயோடு எழுதும் பிள்ளை. கணநேரத்துக்கு மேல் நீடித்த சத்தம் வருவது பட்டியலின் அடிமட்டத்தில், 1 சதவீத வரிசையில். மேலே சொன்ன ஹே ஃபீவரும் அதே வரிசையில்தான். யாரோ ஒருவருடைய போன் ஒருமுறை ஒலித்து அடங்கியது மாதிரி விஷயங்களுக்கு ஒன்றுமே இல்லை.

80 மதிப்பெண் கணிதத் தாளில் 1 சதவீதம் என்றால் 0.8. ஒரு மதிப்பெண்கூட இல்லை. உச்ச வரம்பான 5 சதவீதமே 4 மதிப்பெண்தான். "அலாரம் அடித்ததால் கிரேடு 6 வர வேண்டியது 7 ஆகும்" என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். விளிம்பில் நிற்கும் ஒருவரை அந்தச் சிறு தொகை தாண்ட வைக்கலாம், அவ்வளவுதான்.

இது கஞ்சத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேரத்தை முழுதாகத் திருப்பித் தந்துவிட்ட பிறகு மீதி இருப்பது கவனம் சிதறியது மட்டும். அது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு அளவு. அதை அளக்க யாரிடமும் கருவி இல்லை. வெளியே நின்ற இருபது நிமிடத்தில் மூளை ஓய்வெடுத்து, மறந்துபோன சூத்திரம் நினைவுக்கு வந்தவர்களும் உண்டு.

விண்ணப்பிக்க வேண்டியது நானா, பள்ளியா?

பள்ளிதான். பெற்றோர் நேரடியாக வாரியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. தொலைபேசியில் அழைத்தாலும் பயனில்லை. எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைப் பற்றி மாணவர்களோடோ பெற்றோரோடோ பேச மாட்டோம் என்று வாரியங்கள் எழுத்திலேயே சொல்லியிருக்கின்றன. அலாரம் அடித்தால் நடந்ததையும் எடுத்த நடவடிக்கையையும் பள்ளி அறிக்கையாக எழுதி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். ஹாலில் இருந்த எல்லாருக்கும் சேர்த்து விண்ணப்பிக்கவும் முடியும்.

நீங்கள் செய்யக்கூடியது அன்றைக்கே எக்ஸாம்ஸ் ஆபீசருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்புவது. எந்தத் தாள், எத்தனை மணிக்கு, உங்கள் பிள்ளைக்குக் குறிப்பாக என்ன ஆனது, இதற்கு நாலு வரி போதும். தலைமை ஆசிரியர், கவுன்சிலர், எம்பி என்று எல்லாருக்கும் நகல் அனுப்பினால் வேகம் கூடும் என்று நினைக்க வேண்டாம். ஜூன் மாதத்தில் எக்ஸாம்ஸ் ஆபீசரைப்போல உழைக்கிறவர் பள்ளியில் வேறு யாரும் இல்லை. அவரிடம் மரியாதையாக எழுதினால் காரியம் நடக்கும்.

சேர்த்தார்களா இல்லையா என்பது சான்றிதழில் இருக்காது. ஆகஸ்டில் வரும் முடிவுக்குள்ளேயே அது அடங்கிவிடும்.

உண்மையிலேயே தீ. ஹாலுக்குத் திரும்ப முடியவில்லை. அப்போது?

பிள்ளைகள் சிலரே என்றால் தாள்களோடு வேறு இடத்துக்கு அழைத்துப்போய் எழுத வைப்பதைப் பரிசீலிக்கலாம் என்று விதி சொல்கிறது. அதற்கும் வழியில்லை என்றால் பள்ளி உடனே வாரியத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். அதன் பிறகு முடிவு வாரியத்தினுடையது.

மறுநாள் அதே தாளை எழுத வைக்க மாட்டார்கள். நாடு முழுவதும் அந்தக் கேள்விகள் வெளியே போயிருக்கும். எழுதியது கிடைத்தால் அது திருத்தப்படும். எழுத முடியாமல் போன பகுதிக்கு, அதே பாடத்தின் மற்றத் தாள்களில் பிள்ளை எப்படிச் செய்தது என்பதை வைத்து வாரியம் கணக்கிட முடியும். இதற்குப் பாடத்தின் மொத்த மதிப்பீட்டில் குறைந்தது 25 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும். கணிதத்தில் மூன்று தாள்கள் இருப்பதால் ஒன்று போனாலும் சமாளிக்கலாம்.

இதற்கு மேலும் குறை இருந்தால், நவம்பரில் மறுபடி எழுதும் வாய்ப்பு ஜிசிஎஸ்இயில் ஆங்கில மொழிக்கும் கணிதத்துக்கும் மட்டுமே. மற்றப் பாடங்களுக்கு அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும்.

காலைத் தாள் தாமதமாகி மதியத் தாளோடு மோதினால்?

காலைத் தாள் 9:00, மதியத் தாள் 1:30 என்பது அறிவிக்கப்பட்ட நேரம். அரை மணி நேரம் வரை முன்னோ பின்னோ தொடங்கப் பள்ளிக்கே அனுமதி உண்டு. எனவே நடுவில் சாப்பிட நேரம் கொடுப்பார்கள். சாப்பிடாமல் அடுத்த ஹாலுக்குள் தள்ளினால் வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள்.

யாராவது வேண்டுமென்றே அடித்திருந்தால்?

பரீட்சை எழுதுகிற மாணவரே என்றால் அது முறைகேடு. தகுதி நீக்கம் வரை போகலாம். வேறு மாணவர் என்றால் பள்ளியின் ஒழுங்கு நடவடிக்கை. தெரிந்தே தீயணைப்புத் துறைக்குப் பொய்யான தகவல் போகச் செய்வது 2004-ஆம் ஆண்டின் தீயணைப்பு, மீட்புச் சேவைகள் சட்டப்படி குற்றம். அலாரப் பொத்தான்கள் மீது இப்போது ஒரு கண்ணாடி மாதிரி மூடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோள் இடித்து அடிப்பதையும், விளையாட்டுக்கு அழுத்துவதையும் தடுக்கத்தான் அது. மூடியைத் தூக்கி அழுத்தியவர் "தெரியாமல் பட்டுவிட்டது" என்று சொல்ல முடியாது.

பாதிக்கப்பட்ட உங்கள் பிள்ளைக்கு, அடித்தவர் யார் என்பதால் எதுவும் மாறாது. நேரமும் விண்ணப்பமும் அதேதான்.

தனித்தேர்வராக வேறு பள்ளியில் எழுதுகிறோம். எங்களுக்கு?

எல்லாம் அதேபோலத்தான். நீங்கள் எழுதிய அந்தத் தேர்வு மையம்தான் உங்களுக்காக விண்ணப்பிக்க வேண்டும். உங்களை அங்கே யாருக்கும் தெரியாது என்பதால் கிளம்பும் முன் எக்ஸாம்ஸ் ஆபீசரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மாக் பரீட்சையில் (பள்ளியே வைக்கும் மாதிரித் தேர்வில்) அடித்தால்?

அது பள்ளியின் உள்விவகாரம். வாரியத்துக்கு அதில் வேலை இல்லை.

கன்டின்ஜென்சி நாள் என்று ஒன்று இருக்கிறதே, அன்று மறுபடி வைப்பார்களா? சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட்டோம்.

அந்த நாள் நாடு முழுவதற்கோ ஒரு பெரிய வட்டாரத்துக்கோ பரீட்சை தடைபட்டால் பயன்படுத்துவதற்காக ஒதுக்கி வைத்தது. ஒரு பள்ளியில் டோஸ்ட் கருகியதற்காக அதைத் திறக்க மாட்டார்கள். ஆனாலும் ஜூன் கடைசியில் வரும் அந்த நாள் வரை மாணவர்கள் ஊரில் இருக்க வேண்டும் என்றுதான் வாரியங்கள் எதிர்பார்க்கின்றன. கடைசித் தாள் ஜூன் நடுவிலேயே முடிகிறது, டிக்கெட்டும் மலிவு என்று சென்னைக்கோ கொழும்புக்கோ கிளம்பிவிட்டால், பயணத்துக்காக வர முடியவில்லை என்ற காரணத்தை ஸ்பெஷல் கன்சிடரேஷனுக்கு ஏற்க மாட்டார்கள். தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். ஜூலை தொடங்கினால் விலை ஏறத்தான் செய்யும்.